புடவைக் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை

என்னை வேண்டாம் என்று சொன்ன முதல் குடும்பம், எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள், ஏழு பேர். ஒருவர் குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்தார். இன்னொருவர் மாடிக்கு ஏறிப் பக்கத்து மனை யாருடையது என்று விசாரித்தார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். ‘வூட்டுக்குள்ள தறி சத்தம் ஓயாம கேட்டுக்கினே இருக்குது, பொண்ணுக்குத் தலைவலி வரும்னு யோசிக்கிறாங்கபா’ என்றார். அந்தப் பெண் பிறந்து வளர்ந்தது பிள்ளையார்பாளையத்தில். அவள் அப்பா வீட்டிலேயே இரண்டு தறி ஓடுகிறது.

எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. ஒரு பட்டுக் கடைக்குப் புடவை டிசைன் போடுகிறேன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைந்து, தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுப்பது என் வேலை. தரகர் என்னைப் பற்றி ‘பையன் கம்ப்யூட்டர்ல இருக்கறான்’ என்று அடித்துவிடுவார். உடனே பெண் வீட்டார் முகம் மலரும். ஸ்ரீபெரும்புதூரா, சென்னையா, பர்மனன்ட்டா என்று கேள்விகள் வரும். உண்மை தெரிந்ததும் ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, ‘ஓ, புடவைக் கம்ப்யூட்டரா?’ என்றார். அவர் சந்தையில் எலி மருந்து விற்கிறவர். அவர் பெண்ணுக்கு நான் மட்டமாம்.

ஆறு வருஷத்தில் ஒன்பது வீடுகள். தலையில் முன்பக்கம் முடி இல்லை என்றது ஒன்று. கார் இல்லை என்றது ஒன்று. ‘ஜாதகம் ஒத்து வரல’ என்று மூன்று வீடுகள் சொல்லி அனுப்பின. இவர்கள் ஜாதகம் பார்த்து முடித்த பிறகுதான் வீடு பார்க்கவே வருகிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் பெயர்ந்திருக்கும் சுண்ணாம்பைப் பார்த்ததும் குரு இடம் மாறி உட்கார்ந்துவிட்டார் போல. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும், அதுகூட இல்லாத ஜனங்கள். அவர்கள் போன பிறகு அம்மா பாத்திரங்களைத் தடதடவென்று கழுவியபடி அவர்கள் பரம்பரையையே வைவாள். நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். அது எங்கள் வீட்டில் ஒரு பழக்கமாகிவிட்டது.

இப்போதெல்லாம் கல்யாணப் புடவையின் முந்தியில் பெண், மாப்பிள்ளை இருவர் பெயரையும் ஜரிகையில் நெய்து வாங்குகிறார்கள். அந்தப் பெயர்களைக் கட்டத்தில் ஏற்றுகிறவன் நான்தான். என்னை வேண்டாம் என்ற ஒன்பது பெண்களில் மூன்று பேருடைய பெயர் என் மேசைக்கு வந்தது. பக்கத்தில் வேறொருவன் பெயரை, எழுத்தின் வளைவு கெடாமல், நானே அழகுபடுத்திக் கொடுத்தேன். அற்பப் பதர்கள் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே கொடுத்தேன். அந்த மூன்று நாளும் மத்தியானம் சோறு இறங்கவில்லை.

பத்தாவது வீடு சரி என்றது. தென்னேரிப் பக்கத்துக் குடும்பம். பெண் வாலாஜாபாத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அவள் அப்பா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ‘எங்களுக்குச் சம்மதம்’ என்றபோது அம்மா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. அந்தப் பெண்ணை அவர்கள் வீட்டில் ஒரு முறை பார்த்திருந்தேன். பிறகு இரண்டு முறை போனில் பேசினோம். பேசினோம் என்பது பொய், நான் பேசினேன். அவள் ‘ம்’ என்றாள். அந்த ‘ம்’மை வெட்கம் என்று எடுத்துக்கொண்ட மேதாவி நான்.

எங்கள் வீட்டில் வரப்போகிற மருமகளுக்கு முகூர்த்தப் புடவையைச் சொந்தத் தறியில்தான் நெய்வோம். நிச்சயம் முடிந்த பிறகுதான் அதற்குத் தறியில் பாவு நூல் ஏற்றுவது வழக்கம். அப்பாவும் அதையே சொன்னார். ‘தட்டு மாத்தட்டும்டா, அப்பால ஏத்தலாம்’ என்றார். கேட்டேனா? ஒன்பது பேர் வேண்டாம் என்ற பிறகு ஒருவர் சரி என்றதும் எனக்கு ஊருக்கே காட்ட வேண்டும் போல இருந்தது. மற்றவர்களுக்கு இரண்டு விரல் உயரத்தில் பெயர் போடுகிறவன், எங்கள் இரண்டு பெயரையும் ஒரு சாண் உயரத்துக்கு வரைந்தேன். பாதி முந்தியை அதுவே அடைத்துக்கொண்டது. அப்பா முனகிக்கொண்டே நெய்தார். முந்தி முடிந்ததும் தறியில் இருந்தபடியே போட்டோ எடுத்து, ‘சர்ப்ரைஸ்’ என்று போட்டு, பக்கத்தில் நாலு இதயமும் வைத்து வாட்ஸ்ஆப்பில் அவளுக்கு அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. அன்று முழுவதும் பதில் இல்லை. அடுத்த நாள் காலை கடையில் இருக்கும்போது போன் வந்தது.

‘இது இன்னாங்க?’ என்றாள்.

‘நம்ம முகூர்த்தப் புடவை.’

‘என்னை ஒரு வார்த்தை கேக்காம என் பேரை எப்படிப் போட்டீங்க?’

நான் சிரித்தேன். ‘கேட்டா அது சர்ப்ரைஸ் இல்லையே’ என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ‘எங்கப்பா சரின்னாரு. நான் இன்னும் யோசிச்சிக்கினுதான் இருந்தேன். இந்த போட்டோவைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சி போச்சு. எனக்கு வேணாங்க, மன்னிச்சிடுங்க’ என்றாள். தெளிவாகச் சொன்னாள். சாயங்காலம் அவள் அப்பா போன் செய்து அதையே அரை மணி நேரம் சுற்றி வளைத்துச் சொன்னார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ‘ரத்தம் எடுக்க ஊசி குத்தறவளுக்கு இவ்ளோ திமிரு’ என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். ஒரு பெயர் போட்டதற்கா கல்யாணத்தை நிறுத்துவாள், வேறு யாரோ இருந்திருக்க வேண்டும் என்று நானே கிளப்பிவிட்டேன். ஒரு ஆதாரமும் கிடையாது. என் அத்தைகள் அதற்குக் கையும் காலும் வைத்தார்கள். அந்த வேலையில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கதை என்னிடமே திரும்பி வந்தபோது அதில் ஒரு பைக்கும் ஒரு லாட்ஜும் சேர்ந்திருந்தன. நான் அதையும் ரசித்துக் கேட்டேன்.

உள்ளே நடந்தது வேறு. முதல் ஒன்பது பேரை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட என்னால் முடிந்தது. அவர்கள் பார்த்தது குழாயை, காரை, வழுக்கையை. இவள் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. இவள் என்னைப் பார்த்தாள், பார்த்து வேண்டாம் என்றாள். அப்படியானால் என்னிடமே ஏதோ கேடு இருக்கிறது என்று நம்பினேன். பீரோவைத் திறந்தால் வேட்டிக்கு அடியில் அந்தப் புடவை. பங்குனித் திருவிழாவுக்குப் போவதை நிறுத்தினேன், ஏனென்றால் சாமி வருவதற்குள் ‘இன்னாபா, எதுனா அமைஞ்சிதா?’ என்று நாலு பேராவது கேட்டுவிடுவார்கள். கண்ணாடி பார்க்காமல் ஷேவ் செய்யப் பழகி, தாடையில் இரண்டு வெட்டு வாங்கினேன். வயிறு எந்நேரமும் எரிந்தது.

வயிற்றுக்காகத்தான் கிளினிக்குக்குப் போனேன். வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்த டாக்டர் ‘உள்ள ஒண்ணும் இல்ல, நல்லா இருக்குது’ என்று சொல்லி, அதே கிளினிக்கில் வாரம் இரண்டு நாள் உட்காரும் கவுன்சிலரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். கவுன்சிலிங் என்று சொன்னதும் அம்மா, ‘இந்த வயசுல எந்தக் காலேஜுல சேரப் போற?’ என்று கேட்டாள். எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு இன்ஜினியரிங் சீட்டு என்றுதான் அர்த்தம். பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் என்று தெரிந்தால் ஆகாரம் கிடைத்துவிடும் அத்தைகளுக்கு. அதனால் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று சொல்லி வைத்தேன்.

முன்பு எக்ஸ்ரே எடுத்த அறை. சுவரில் சூரிய உதயப் படம் போட்டு ‘உன்னை நீயே நேசி’ என்று ஒரு போஸ்டர். அதைப் பார்த்ததுமே திரும்பிப் போக நினைத்தேன். உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு, முப்பது இருக்கலாம். கழுத்தில் சின்னச் சிலுவை. ஊர் எது என்று கேட்டேன். எந்த ஊர், ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டு ஆளை எடை போடுவது எங்கள் ஜனங்களின் வியாதி, எனக்கும் உண்டு. அவர் ஊரைச் சொன்னார், எந்தப் பக்கம் என்று நான் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ‘வேற எதுனா தெரியணுமா?’ என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போஸ்டரைக் காட்டி, ‘இதெல்லாம் வேலைக்கு ஆவுதா?’ என்றேன்.

‘அது மருந்துக் கம்பெனிக்காரங்க ஒட்டினது. எனக்கும் புடிக்காது’ என்றார். அந்த ஒரு பதிலுக்காக உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் நான் திட்டினேன், அவர் கேட்டார். பத்து குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தி வைத்துத் திட்டினேன். இதற்கு எதற்கு ஒரு படிப்பு, டீக்கடைக்காரர்கூட இதைவிட நன்றாக ‘ம்’ கொட்டுவார் என்று நினைத்தேன். நாலாவது வாரம் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

‘அந்த ஒன்பது வீட்டுக்காரங்கள்ல யார்கிட்டயாவது, வேற எந்த விஷயத்துக்காவது நீங்க யோசனை கேப்பீங்களா?’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘பஸ் ஸ்டாண்டுக்கு வழிகூடக் கேக்க மாட்டேன்’ என்றேன்.

‘அப்ப உங்க மதிப்பு இன்னான்னு மட்டும் ஏன் அவங்ககிட்ட கேட்டுக்கினே இருக்கறீங்க?’

எழுந்து வந்துவிட்டேன். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று யோசித்தேன். எலி மருந்துக்காரர் சொன்னதை ஐந்து வருஷமாக வேதவாக்காகச் சுமந்திருக்கிறேன். நான் அவரை மதிக்கவே இல்லை, அவர் சொன்னதை மட்டும் மதித்திருக்கிறேன். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை அந்த ஒன்பது குடும்பமும் சேர்ந்துகூடச் செய்ததில்லை.

ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ‘நீ லாயக்கில்லாதவன்’ என்று மனசு சொல்லும்போதெல்லாம் அது யாருடைய குரல் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை என்று முகம் சுளித்துக்கொண்டே எழுதினேன். பாதிக்கு மேல் தரகரின் குரல். மிச்சம் பெரிய அத்தை. இவர்கள் இருவரும் என் தலைக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததே ஒரு நிம்மதிதான். வயிற்றெரிச்சல் கொஞ்சம் குறைந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையால் என்று அப்போது நினைத்தேன்.

ஒரு வாரம் திடீரென்று, ‘நீங்க எத்தனை பேரை வேணாம்னு சொல்லியிருக்கறீங்க?’ என்று கேட்டார். நான் யாரையும் சொன்னதில்லை என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. இருபத்தெட்டு வயதில், எனக்கு முடி இருந்த காலத்தில், தரகர் ஒரு கவர் நிறையப் போட்டோ கொண்டுவருவார். டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் புரட்டிவிடுவேன். கருப்பு. குண்டு. பல்லு. வயசு அதிகம். ஒரு போட்டோவுக்கு ஒரு வார்த்தை. பெயரைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்த்ததில்லை. இதைச் சொன்னபோது கவுன்சிலர் அந்த வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொண்டார். என்னைக் குற்றவாளியாக்குகிறாள் என்று கோபப்பட்டு இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாம் வாரம் வயிறு எரிந்தது, போனேன்.

அன்றுதான் லேப் பெண்ணைப் பற்றி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். தறி, பெயர், போட்டோ, நாலு இதயம், போன். திமிர் என்ற வார்த்தையோடு முடித்தேன்.

‘பேர் போடறதுக்கு முன்னாடி அவங்களுக்குச் சம்மதமான்னு நீங்க கேட்டீங்களா?’ என்றார்.

‘அவங்கப்பா சரின்னாரு’ என்றேன்.

சொன்னது என் காதிலேயே விழுந்தது. இரண்டு வருஷமாக ஊர் முழுக்கச் சொன்ன கதையில் இந்த இடத்தை நான் ஒரு முறைகூட நின்று கேட்டதில்லை. ஒன்பது வீட்டார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வயிறெரிந்தவன், பத்தாவது வீட்டில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் பெயரை ஒரு சாண் உயரத்துக்கு நெய்து மாட்டியிருக்கிறேன். அவள் பார்த்து வேண்டாம் என்றது பிறவியிலேயே கெட்டுப்போன ஒரு ஆளை அல்ல. ஒரு தப்புக் காரியத்தை. காரியத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த எக்ஸ்ரே அறையில்தான் எனக்கு முதல் முறையாகப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் இரண்டு வருஷம் கழித்து மூச்சு முழுதாக வந்தது.

அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றேன். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ‘கேட்டா அவங்களுக்கு நிம்மதியா, உங்களுக்கு நிம்மதியா?’ என்றார் கவுன்சிலர். எனக்குத்தான். அதனால் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் அத்தைகள் வீட்டுக்குப் போய், அந்தப் பைக்கும் லாட்ஜும் பொய், ஆரம்பித்தது நான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். பெரிய அத்தை நம்பவில்லை. ருசியான பொய்யை விடுவதற்கு அவளுக்கு மனசில்லை. புடவையின் உடலை அக்கா மகளுக்குப் பாவாடையாகத் தைத்தோம். முந்தியைப் பழைய ஜரிகை எடுக்கிறவர் கொண்டுபோனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பேசுகிற பேச்சு அது. எட்டு மாதம் வாரா வாரம் போனேன். சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் கண்ணாடி பார்த்து ஷேவ் செய்யத் தொடங்கினேன். கல்யாணப் பெயர்கள் மேசைக்கு வந்தபோது, பெண்ணிடம் கேட்டார்களா என்று விசாரிக்கும்படி முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன ஆவணியில் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். மாகறல் பக்கத்துப் பள்ளியில் டீச்சர், விவாகரத்து ஆனவர், ஆறு வயதில் ஒரு மகள். ‘இனிமே உனக்கு இப்படித்தான் அமையும், புரிஞ்சிக்கோ’ என்கிற முகத்தோடு சொன்னார். வீடு பார்ப்பது, கேசரி எல்லாம் வேண்டாம், முதலில் அந்த டீச்சரிடம் நான் பேச வேண்டும் என்றேன். ‘இன்னா தம்பி, சினிமாவா?’ என்றார். அந்த மனிதரைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்கே எட்டு மாதம் பயிற்சி எடுத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில் மூன்று முறை சந்தித்தோம். இந்த முறை நான் கேட்டேன், அவர் பேசினார். வகுப்பில் பிள்ளைகள் சொல்கிற பொய்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்தார். ‘என் பொண்ணு உங்களை இன்னான்னு கூப்பிடணும்?’ என்று கேட்டார். அது அவள் இஷ்டம் என்றேன். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இது நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், லேப் பெண் விஷயத்தில் பட்டதைவிடப் பலமடங்கு ஆசை. மூன்றாவது முறை அவரிடமே நேராகக் கேட்டேன், உங்களுக்குச் சம்மதமா என்று.

அவர் ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ‘உங்ககூடப் பேசறது எனக்குப் புடிச்சிருக்குது. ஆனா மறுபடியும் ஒரு வீட்டுக்குள்ள போய் நிக்க எனக்கு மனசு வரல. உங்க மேல எந்தக் குறையும் இல்ல. வேணாங்க’ என்றார்.

என் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது. விவாகரத்து ஆனவளுக்கு, என்று தொடங்கும் வாக்கியம். அதன் குரல் யாருடையது என்று தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு, ‘சரிங்க. நேர்ல வந்து சொன்னதுக்கு தேங்க்ஸ்’ என்றேன். அவர் மாகறல் பஸ் ஏறிப் போனார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

‘இன்னாவாம்?’

‘வேணாம்னுட்டாங்கம்மா.’

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டாள். ‘கையில ஒரு கொழந்தைய வெச்சிக்கினு நிக்கறவளுக்கு எம்புள்ள கசக்குதா? அவ கெட்ட கேட்டுக்கு...’

‘அவங்களைத் திட்டாதம்மா.’

‘பின்ன கொஞ்சச் சொல்றியா?’

‘எனக்கு அவங்களைப் புடிச்சிருந்திச்சிம்மா. வேணாம்னு சொன்னது வலிக்குது. அவ்ளோதான்.’

காய்ச்சல், பல்வலி தவிர வேறு எதற்கும் வலிக்கிறது என்று நான் அம்மாவிடம் சொன்னதில்லை. அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

‘எனக்கும் ஒவ்வொரு தபாவும் வலிச்சிதுடா’ என்றாள். திட்டும்போது இருக்கும் குரல் அது இல்லை. ‘உன் எதிர்ல அழக் கூடாதுன்னுதான் அப்படிக் கத்துவேன்.’

நான் போனைக் காதில் வைத்தபடியே அழுதேன். ஜூஸ் கடைக்காரர் பழத்தை வெட்டுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.